மெட்டுத் திருடன்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஒரு ஆண் கத்துவது கேட்டது. எதிரில் பெண் இருப்பது தெரிந்தது, ஆனால் அவள் குரல் வெளியே வரவே இல்லை.

"பொண்டாட்டியை வாய் திறக்க விடமாட்டான் போல. பாட்டைத் திருடுறவன் வேற எப்படி இருப்பான்?" என்றான் ஆல்வின்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியதிலிருந்தே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார இடம் கிடைத்தும் ராஜபாளையம் வரை நின்றுகொண்டே வந்தான். அவனுடைய ராக் பாட்டை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த சென்னைக் கம்பெனி, காலையில் போன் செய்து தலையில் கல்லைப் போட்டிருந்தது. இதே மெட்டை ராஜபாளையத்துக்காரர் ஒருவர் வாசித்திருக்கும் வீடியோவை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறதாம். பாட்டு யாருடையது என்று சாயங்காலத்துக்குள் தெரியவில்லை என்றால் கைகழுவி விடுவார்களாம்.

அந்த வீடியோவைப் போட்டது சப்ரீன் என்ற பெண். அவள் கணவர் முகமது ரியாஸ், நூல் மில்லில் வேலை பார்ப்பவர், கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு வாசிக்கிறார். கீழே 'எங்க வீட்டுக்காரர் பாட்டு' என்று எழுதியிருந்தாள். ஆல்வின் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுப் போட்ட மெட்டு, அச்சு அசலாக அப்படியே இருந்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் சுரம் மாறியிருந்தது.

அந்த ஒரு சுரம்தான் ஆல்வினை ரொம்ப எரித்தது. நாளைக்கு யாராவது கேட்டால் மாற்றியிருக்கிறேனே என்று தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா, கைதேர்ந்த திருடன் அப்படித்தான் செய்வான் என்று வழியெல்லாம் புலம்பினான்.

கூட வந்த அழகுராஜா அவனுடைய குழுவில் டிரம்ஸ் அடிப்பவன், ராஜபாளையத்துக்காரன், வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தவனும் அவன்தான். அவன் சமாதானம் சொல்லிப் பார்த்தான். ராக் பாட்டு என்று எடுத்தால் கிதாரில் பிடிப்பது அதே நாலு பிடிதான், எல்லாப் பாட்டும் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள், ஜாடை இருக்கத்தானே செய்யும் என்றான்.

"ஜாடை இருந்தாப் பரவாயில்லலே. இவன் நான்தான் ஆல்வின்னு வந்து நிக்கான்."

உள்ளே போனதும் ரியாஸ் எழுந்து வந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று அவர் சொன்னது தெருமுனைக்குக் கேட்டிருக்கும். மில் மெஷின் இரைச்சலில் நின்று பழகியவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள் என்று அழகுராஜா மெதுவாகச் சொல்லி வைத்தான். பிறகு அவனே பக்கவாட்டில் உட்கார்ந்து மரியாதையாக ஏதோ கேட்டான். ரியாஸ் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆல்வினின் முகத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருடனுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் என்று ஆல்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனிக்காரர்கள் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தான்.

"இந்தப் பாட்டை எங்க கேட்டீங்க?"

"எங்கயும் கேக்கல தம்பி."

ஆல்வின் எழுந்தே விட்டான். முகம் தெரியவில்லை என்று கம்பெனி ஏற்காத, தான் எப்போதோ போட்டிருந்த பழைய வீடியோவைத் தன் போனில் தேடி எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். "அப்ப இது என்ன?"

ரியாஸின் முகம் மலர்ந்துவிட்டது. "இது நீங்கதானா? கையை மட்டும் எடுத்திருக்கீங்க, அதான் ஆளு தெரியல. இதைப் பாத்துத்தான் நான் வாசிச்சேன்."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இல்லை என்றவர் இப்போது கூச்சமே இல்லாமல் ஒப்புக்கொள்கிறார். ஆல்வினுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு எதற்கு நடுவில் சுரத்தை மாற்றினீர்கள் என்று கேட்டான்.

"நான் எதையும் மாத்தலியே" என்று ரியாஸ் போனை வாங்கி, ஓட விட்டு, ஓர் இடத்தில் நிறுத்திக் காட்டினார். "நீங்க வச்ச எடத்துலதான் நானும் விரலை வச்சேன்."

ஆல்வின் குனிந்து பார்த்தான். படத்தில் அவன் விரல் ஒரு கட்டம் தள்ளித்தான் விழுந்திருந்தது. அன்றைக்குத் தப்பாகத் தொட்டுவிட்டு, பிறகு சரியாக வாசித்து ஒலியை மட்டும் பதிந்து பழைய படத்தோடு ஒட்டியிருந்தான். பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை. அவனுக்கே மறந்து போயிருந்தது.

அதற்குள் சப்ரீன் பதறிக்கொண்டு வந்தாள். இவர் வாசித்ததால் இவர் பாட்டு என்று தெரியாமல் எழுதிவிட்டதாகவும், இப்போதே மாற்றிவிடுவதாகவும் சொன்னாள். பிறகு கணவருக்கு முன்னால் வந்து நின்று என்னமோ சொன்னாள்.

ரியாஸ் தலையாட்டினார். "பாட்டு உங்களுதுதான் தம்பி. கேமராவுல சொல்லணும்னாலும் சொல்லுதேன். ஆனா அதுக்கு முன்ன நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும்."

வந்துவிட்டது பேரம் என்று ஆல்வின் நினைத்தான். பாட்டில் தன் பேரையும் போடச் சொல்வாரோ, மெட்டில் பங்கு கேட்பாரோ என்று கணக்குப் போட்டான். வெயில் சாய ஆரம்பித்துவிட்டது, கம்பெனிக்காரன் காத்திருக்க மாட்டான். எதுவானாலும் கொடுத்துத் தொலைவோம் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு, என்ன வேண்டும் என்று கேட்டான்.

ரியாஸ் குரலைக் குறைக்கத் தெரியாமல் குறைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்குக் காது போயி வருசக்கணக்காச்சு தம்பி, அந்தப் பாட்டு கேக்க நல்லாருக்குமா?"