புழு பூச்சி

கல்யாணமான நாளிலிருந்து ஜெபராணியின் மாமியார் போனில் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "வயித்துல புழு பூச்சி ஏதும் உண்டா மோளே?" உலகத்தில் என்னவெல்லாமோ மாறிவிட்டது, இந்தக் கேள்விக்கு மட்டும் வயசே ஆகவில்லை.

இப்போது அரசு அனுமதி இல்லாமல் யாரும் பிள்ளை பெற முடியாது. ஜெபராணியின் மரபணு ஒன்றை எடுத்து ஒரு புழுவுக்குள் வைத்திருந்தார்கள். அது ஒழுங்காக வளர்ந்து முட்டையிட்டால் அவளும் தாயாகலாம். அதன் முடிவைக் கேட்கத்தான் மருத்துவமனைக்கு வந்திருந்தாள்.

"அனுமதி கிடைக்காதுக்கா," என்றாள் ஆய்வகப் பெண் ஷைனி. "'இங்க வாசல் வை'ன்னு செல்லுக்குச் சொல்ற குட்டிப் புரதம் ஒண்ணு உண்டு, சுவிட்ச் மாதிரி. உங்களோடது ஆன் ஆகவே இல்ல. முட்டை வெளிய வர வழியில்லாம எல்லாம் உள்ளயே பொரிஞ்சிட்டு."

ஜெபராணி மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். கண்ணாடி போன்ற உடம்புக்குள் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. தாய் மெல்ல நெளிந்தது.

"இனி என்ன ஆகும்?"

"குட்டிங்க தாயைத் தின்னுட்டுத்தான் வெளிய வரும். பார்க்காதீங்கக்கா."

ஜெபராணி கண்ணை எடுக்கவில்லை. உள்ளே ஓர் உயிர் அசைந்தால் எப்படி இருக்கும் என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பாள்! இந்தத் தாய்ப் புழு கொடுத்து வைத்தவள் என்று தோன்றியது.

கைப்பையில் போன் அடித்தது. மாமியார்தான். அதே கேள்வி.

ஜெபராணியின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. கண் மட்டும் அந்தப் புழுவிடமே இருந்தது.

"உண்டு அத்தை," என்றாள். "நல்லா அசையுது."