ஏழு திசைத் தகடு

ஆய்வகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் சுடும் வாஃபிள் அப்பத்தைத் தின்றுகொண்டே என் பேராசிரியர் தோர்கெய்ர் ஜாம் ஒட்டிய விரலால் கணினித் திரையைத் தடவினார்.

"பாருடா எய்விந்து! ஏழு திசையில வெட்டின ஏழு துண்டும் என் சூத்திரம் போட்ட கோட்டு மேலயே உக்காந்திருக்கு!"

உருளையில் நசுக்கித் தட்டையாக்கிய அலுமினியத் தகடு, எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி தாங்காது. எந்தத் திசையில் எவ்வளவு இழுத்தால் அது நிரந்தரமாக நீண்டுவிடும் என்று முன்கூட்டியே சொல்வது அவருடைய சூத்திரம். அதில் இருபத்திரண்டு எண்களை, வந்த அளவுக்கு ஏற்றபடி இஷ்டத்துக்குத் திருகலாம். அது பொருந்தினால்தான் எனக்கு டாக்டர் பட்டம்.

"ஏழும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கே?" என்றேன்.

"அதான்டா அழகு! இந்தத் தகடு திசையைப் பெருசா மதிக்கல. அதையும் என் சூத்திரம் கண்டுபிடிச்சிருச்சு!" வாஃபிள் துணுக்கு ஒன்று தெறித்து என் சட்டையில் ஒட்டியது.

அவர் காபி ஊற்றப் போனதும், துண்டுகளை வெட்டித் தந்த பட்டறைக்காரி ஒட்னி என்னை ஓரங்கட்டினாள்.

"இந்த ஆளு சூத்திரம் பல்லிளிக்கட்டும்னுதானே ஏழு துண்டையும் ஒரே திசையில வெட்டி, கோணத்தை மட்டும் மாத்தி எழுதச் சொன்னே? இப்ப அவர்கிட்டச் சொல்லித் தொலையேன்!"

சொல்லத்தான் திரும்பினேன்.

"கட்டுரையில முதல் பேரு உன்னோடதுதான்," என்று தோர்கெய்ர் அங்கிருந்தே கத்தினார். "ஜூன்ல பட்டம்!"

"ரொம்ப நன்றி," என்றேன்.

பிறகு ஒட்னியின் காதருகே குனிந்தேன். "ஒரே திசை வெட்டு தெரியுற அந்த மிச்சத் தகட்டை யாரும் பாக்குறதுக்குள்ள உருக்க அனுப்பிரு."