குமுதாவின் பொட்டு

ஜார்ஜ் டவுனின் பழைய கிடங்கொன்றில் ஆண்டுதோறும் கூடும் ஆசியக் கலைச் சந்தை. தகரக் கூரையில் மழை தட்டுகிறது. எதிர் ஸ்டாலில் ஒவ்வொரு ஓவியத்தின் பெயர்ச்சீட்டிலும் ஒரு சிவப்புப் பொட்டு. தன் மகளின் ஓவியச் சீட்டு மட்டும் வெறுமையாக இருப்பது குமுதாவுக்குப் பொறுக்கவில்லை. நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை உரித்து அதில் ஒட்டுகிறாள். நேற்று இரண்டு முறை வந்து விலை கேட்ட ஜப்பான்காரர் மறுபடியும் வருகிறார், பொட்டைப் பார்க்கிறார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். காப்பியோடு திரும்பும் மகள் தீபாஷினி பதறுகிறாள்.

"யாரும்மா ஒட்டுனது?"

"நான்தான். கண்ணு படக்கூடாதுன்னு."

"அய்யோ, சிவப்பு ஒட்டுனா வித்தாச்சின்னு அர்த்தம்லா!"

குமுதா அவசரமாக உரிக்கிறாள். பொட்டு விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எதிர் ஸ்டாலைத் திரும்பிப் பார்க்கிறாள்.

"அப்ப அதெல்லாம் வித்துருச்சா?"