பதினைந்தாவது வவுச்சர்

"வர வேண்டிய பாக்கி இருநூத்து அறுபத்திரண்டு ரூபா ஐம்பது பைசா. அதை வசூல் பண்ண இதுவரைக்கும் ஆன செலவு இருநூத்து நாப்பத்தஞ்சு ரூபா! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்கிறது இதுதானா சார்?"

அபிதகுஜாம்பாள் வவுச்சர்க் கட்டைத் தலைமை எழுத்தர் பட்டாபிராமனின் மேஜைமேல் பொத்தென்று போட்டாள். தாம்பரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பேரூராட்சிக்கு அவள் கணக்கராக மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. வந்ததும் வராததுமாகச் சுகாதாரப் பிரிவுக்கு பட்ஜெட் போட உட்கார்ந்தாள். துடைப்பத்துக்கு ஒதுக்கியதைவிடத் தபால் தலைக்கு அதிகம் ஒதுக்கியிருந்தது. குப்பையைவிடக் கணக்குதான் அதிகமாக நாறியது.

பட்டாபிராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன பண்றதும்மா? எண்பத்தஞ்சு வெள்ளத்துல ஒரு குப்பை வண்டி அடிச்சுண்டு போயிடுத்து. தள்ளினவன் ஏசுதாசன்னு ஒரு தினக்கூலி. நஷ்டத்தை அவன்கிட்ட வசூல் பண்ணுன்னு ஆடிட்ல எழுதிட்டா. கழுத்தளவு தண்ணியில அவன் உயிர் தப்பிச்சதைப் பத்தி ஒரு வரி கிடையாது."

"தள்ளுபடி பண்ணிடலாமே?"

"மன்றத்துல தீர்மானம், அப்புறம் கலெக்டர் ஆபீஸ். மூணு தடவை எழுதியாச்சு. மூணு தடவையும் 'உரிய விளக்கம் தருக'ன்னு திரும்பி வந்துடுத்து."

"அதுக்காக வாராவாரம் கோவளத்துல அவன் வீட்டுக்கு ஆள் அனுப்பறதா? பஸ்ஸு, சாப்பாட்டுப் படின்னு தடவைக்குப் பதினேழரை ரூபா. பதினாலு தடவை! எங்க அந்த சவுரி?"

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த சவுரி, துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தான். துப்புரவு வேலை பார்ப்பவன். ஆபீஸ் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவன்தான். நாற்பதைத் தாண்டியும் ஒல்லியான உடம்பு.

"பதினாலு தடவை போயும் அந்த ஏசுதாசன் உன் கண்ணுலயே படலையா?"

"ஆளு ஆப்ட்டான் மேடம். காசுதான் ஆப்டல."

"நல்லா மிரட்டிக் கேக்கறதுதானே?"

"கேட்டுப் பார்த்துட்டேன் மேடம். அவனாண்ட இன்னா கீது? ரெண்டு அலுமினியப் பானை, ஒரு கிழிஞ்ச பாய். பொண்ணு வேற எட்டாவது படிக்குது. பேஜாரான பொழப்பு மேடம்."

"எனக்கு மட்டும் ஆசையா? திங்கக்கிழமைக்குள்ள கட்டலைன்னா ஜப்தி. உத்தரவு டைப் அடிச்சுத் தயாரா இருக்கு. அந்தப் பானையையும் பாயையும்தான் தூக்கிட்டு வரணும்."

சவுரியின் முகம் சுண்டிப்போனது. பட்டாபிராமனைப் பார்த்தான்.

"கடைசியா ஒரு தடவை போகட்டும்மா," என்றார் அவர், வவுச்சரை அவள் பக்கம் நகர்த்தி.

"பதினஞ்சாவதா? பட்ஜெட்ல 'நிர்வாகச் செலவு'ன்னு போட எனக்கே வெக்கமா இருக்கு சார்." முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள். ஒரு ஏழையின் சோற்றுப் பானையைத் தெருவில் வைத்து ஏலம் போடுவதில் அவளுக்கும் இஷ்டமில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் சவுரி வந்து நின்றான். மடித்து மடித்து நைந்துபோன நோட்டுகளும் சில்லறையுமாக மேஜைமேல் வைத்தான்.

"ஏசுதாசன் பாக்கி, மேடம்."

அபிதகுஜாம்பாள் இரண்டு முறை எண்ணினாள். இருநூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா. சரியாக இருந்தது. ஜப்தி உத்தரவை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டபோது, அவளுக்கே யாரோ கடனைத் தள்ளுபடி செய்ததுபோல் இருந்தது.

"பரவாயில்லையே சவுரி! எப்படிக் கறந்தே?"

"வாயைக் கட்டி, வயித்தைக் கட்டிக் குடுத்தது மேடம்."

ரசீது எழுதினாள். "அடிக்கட்டையில கட்டினவனோட கைநாட்டு வேணும். அவனை நாளைக்குக் கூட்டிட்டு வந்துடு."

பட்டாபிராமன் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "கைநாட்டு எதுக்கு? ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கத்துண்டியே, எழுதேன்டா," என்றார்.

சவுரி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். தாள் கிழிந்துவிடும்போல் அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான்: ச. ஏசுதாசன்.

"சவுரிமுத்துங்கறது அவன் அப்பன் பேரும்மா. அப்பன் தள்ளின வண்டியைப் பிள்ளை தள்ள வந்தான், நாங்க பேரை மாத்தாமலே கூப்பிட்டுண்டு இருக்கோம்," என்றார் பட்டாபிராமன். "சனிக்கிழமையானா மீன் வண்டியில ஓசியா ஏறி அவன் கோவளத்துல தன் வீட்டுக்குப் போறது வழக்கம்தான். தள்ளுபடிக்குக் கலெக்டர் கையெழுத்து வேணும். பஸ் காசுக்கு நம்ம கையெழுத்தே போறுமே!"

அபிதகுஜாம்பாள் பதினைந்து வவுச்சர்களையும் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள்: அதே இருநூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது பைசா. பிறகு 'பைசல்' முத்திரையை எடுத்துக் கோப்பின்மேல் ஓங்கிக் குத்தினாள்.