கூப்பிட்ட குரல்

மாயவரத்து வீட்டை விற்றுவிட்டு, கோவைக்கு வெளியே முதியவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பில் தில்லைநாயகியும் அவள் கணவர் வைத்திலிங்கமும் குடியேறி மூன்று மாதம் ஆகியிருந்தது. பழைய வீடு தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும். அடுப்படியிலிருந்து அவள் "ஏங்க" என்று குரல் கொடுத்தால், வாசலில் பேப்பர் படிப்பவர் "வந்தாச்சு" என்பார். நாற்பத்தொரு வருடம் அப்படித்தான். இங்கே ஒரே அறை. கையை நீட்டினால் அவர் முதுகு தட்டுப்படும். கூப்பிட வேண்டிய தேவையே இல்லை.

ஒரு மாலை கீழே பூங்காவுக்குப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் முதல் மாடி பால்கனிக்கு வந்து, யார் என்ன நினைப்பார்களோ என்று பார்க்காமல், அடிவயிற்றிலிருந்து "ஏங்க!" என்று கூப்பிட்டாள்.

வைத்திலிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆறுச்சாமி, "இதோ வந்துட்டேன் அம்மிணி" என்று சட்டென எழுந்தார். நாலடி நடந்த பிறகுதான் நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டம்மா போயி ரெண்டு வருசமாச்சுங்க. காதுக்குத்தான் இன்னும் தெரியல."

தில்லைநாயகி பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். அதே உரத்த குரலில், "நீங்களும் வாங்கண்ணே, காபி குடிக்கலாம்" என்றாள்.

இரண்டு பேரும் படியேறி வரும் சத்தம் கேட்டது. மூன்றாவது டம்ளருக்காக, மாயவரத்தில் கட்டிய கயிற்றோடு கட்டிலடியில் கிடந்த அட்டைப்பெட்டியை அவள் வெளியே இழுத்தாள்.