சத்தம் போடாத பிரேக் கட்டை

சரிவெல்லாம் திராட்சைப் பந்தல், அடிவாரத்தில் ஆறு. அந்த மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவதென்றால் வீரணனுக்கு உயிர். பிரேக் கத்துவது மட்டும் ஆகாது. அதனால்தான் அன்று காலையில், ஓயாமல் கீச்சிட்ட முன் பிரேக் கட்டைக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டிருந்தான்.

இறக்கம் தொடங்கியதும் பின் கட்டை கத்த ஆரம்பித்தது.

"ஏண்ணே மானத்தை வாங்குறீங்க? என்னைப் பாருங்க, சத்தமே இல்ல" என்றது முன் கட்டை.

"நீ பிடிக்கவே இல்லையேப்பா. உன் பாரத்தையும் சேர்த்து நான்தான் பிடிக்கிறேன்."

அண்ணனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டது முன் கட்டை.

அடுத்த வளைவில் சாலையோரச் சுவர் இடிந்து கிடந்தது. வீரணன் இரண்டு பிரேக்கையும் இறுக்கினான். முன் கட்டை முழு பலத்தோடு ரிம்மை அழுத்தியது. வழுக்கியது. மறுபடி அழுத்தியது. மறுபடியும் வழுக்கியது.

"அண்ணே, எனக்குப் பிடி கிடைக்கல. நீங்க விட்டுடாதீங்க."

பின் கட்டை விடவில்லை. ரப்பர் கருகும் நாற்றத்தோடு மலையே அதிர அலறியது.

சைக்கிள் நின்றபோது முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

வீரணன் இறங்கினான். கீழே ஆற்றுப் பாலம்வரை இன்னும் மூன்று வளைவுகள் தெரிந்தன.

"இந்தச் சனியன் கத்துன கத்துலயே பாதி உயிர் போயிருச்சு" என்று முனகியபடி பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து, பின் சக்கரத்தின் பக்கம் குனிந்தான்.

முன் கட்டை தன்னால் ஆன மட்டும் கத்திப் பார்த்தது. சத்தம் வரவில்லை.