லொரேன் வெளியேறிய சனிக்கிழமை

லொரேனைப் பழைய போர்வையில் சுற்றி வாசலுக்குத் தூக்கி வருவதற்குள் நோலீனுக்கு மூச்சு வாங்கியது. தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. வேலியோரப் புல்லில் மெதுவாக இறக்கி வைத்தாள்.

போர்வையை உருவியதும் வெயிலில் பளபளத்தது, கேக்குக்கு மாவு அடிக்கும் அந்தப் பெரிய மெஷின். அது நோலீனின் கணவன் மெர்வுக்கு முதல் மனைவியாக இருந்த லொரேனுடையது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு மெஷினுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. "லொரேனைக் கொஞ்சம் நகர்த்து, ரொட்டி வெட்டணும்" என்று மெர்வே சொல்வான்.

அவர்கள் ஊரான டாப்டோவில் அது கவுன்சில் லாரி பெரிய குப்பைகளை அள்ள வரும் வாரம். தெரு முழுக்க வீட்டு வாசல்களில் மேசையும் மெத்தையும் குவிந்து கிடந்தன. நோலீனும் காலையிலிருந்து சமையலறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். புது அலமாரி வாங்க வசதியில்லை. காலி ஐஸ்கிரீம் டப்பாக்களைக் கழுவி மாவும் பருப்பும் அடைத்தாள். செருப்பு அட்டைப்பெட்டிகளை இழுப்பறைக்குள் தடுப்பாக நிறுத்திக் கரண்டிகளைப் பிரித்துப் போட்டாள். அவளுடைய விதி ஒன்றுதான்: ஒரு வருஷமாக உபயோகிக்காதது வெளியே.

அந்த விதியில் தோற்றது லொரேன் மட்டும்தான். சமையல் மேடையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றதே தவிர, ஒரு முட்டையைக்கூட அடித்ததில்லை. ஆனால் ஞாயிறுதோறும் மெர்வ் அதை ஈரத்துணியால் துடைப்பான். எடுத்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். அத்தோடு சரி.

இன்று அவன் கிளப்பில் புல்தரைப் பந்தாட்டம். கிளம்பிய அவசரத்தில் வெள்ளைத் தொப்பியைக்கூடக் கொக்கியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

நோலீன் ஒயரைச் சுருட்டி டேப் போட்டு ஒட்டினாள். அது அந்தத் தெருவின் எழுதாத சட்டம். ஓடாத சாமானுக்கு ஒயரை வெட்டி வைக்க வேண்டும், ஆசையாக எடுத்துப்போகிறவர் ஏமாறக்கூடாது. ஓடுகிற சாமானுக்கு ஒயர் முழுசாக இருக்க வேண்டும். நல்ல வீட்டுக்காவது போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏய் நோலீன்! இது லொரேனோட மெஷினாச்சே! மெர்வுக்குத் தெரியுமா?" பக்கத்து வீட்டு பெவ் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"தெரியாம என்ன?"

"அப்ப எனக்குக் குடு. ராஸ் தூங்கி எழுந்ததும் கைவண்டியோட வரச் சொல்றேன். தூக்கம்னா தூக்கம், எம்புருஷனையே வாசல்ல வெச்சா லாரிக்காரன்கூடத் தொடமாட்டான்!"

நோலீன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இனி பெவ் வீட்டு ஜன்னலில் லொரேன். இங்கிருந்து தினமும் அதைப் பார்க்கப்போகிற மெர்வ்.

உள்ளே வந்தால் மேடையில் மெஷின் இருந்த இடம் மட்டும் நிறம் மங்காமல் சதுரமாகத் தெரிந்தது. ரொட்டி டப்பாவை அதன்மேல் வைத்தாள். சதுரம் நாலு பக்கமும் எட்டிப் பார்த்தது. அங்கே நிற்கப் பிடிக்காமல், மூடி போட்ட பாட்டில்கள் வாங்கலாமென்று கடைத்தெருவில் தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் தர்மக் கடைக்கு நடந்தாள்.

அங்கே அலமாரி நிறைய யார் யாருடையதோ கேக் தட்டுகள். ஒன்றின் அடியில் ஒரு பெயர் பாதி அழிந்திருந்தது. கையில் எடுத்த பாட்டிலை வைத்துவிட்டு நோலீன் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

வாசலில் கைவண்டியோடு ராஸ் நின்றிருந்தான். வண்டி காலி.

"என்ன நோலீன், செத்த மெஷினை எங்க தலையில கட்டப் பாக்குறியா? ஒயரை வெட்டியிருக்கே!"

அவள் குனிந்து பார்த்தாள். டேப்பைக் காணோம். முனையில் பிளக்கும் இல்லை. பழைய ஒயரை வெட்டிச் செம்புக்கு விற்கிறவர்கள் தெருவில் அலைவது அவளுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் மெஷினை ஒட்டி வெட்டுவார்கள், ஒயர் முழுசாகக் கிடைக்குமே. இங்கே ஒயர் அப்படியே நீண்டு கிடந்தது. போனது பிளக் மட்டும். இப்படியும் ஒரு முட்டாள் திருடனா!

யாராக இருந்தாலும் அவனுக்குப் புண்ணியம். லொரேனை அணைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சதுரத்தின்மேல் பழையபடி வைத்து, மொட்டை ஒயரைப் பின்னால் ஒளித்தாள்.

சாயங்காலம் மெர்வ் வந்தான். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். "அடேயப்பா, நம்ம வீடுதானா இது? கரண்டியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி வரிசையில நிக்குது!"

அவன் மெஷின் பக்கம் திரும்பியதும் நோலீனால் தாங்க முடியவில்லை.

"மெர்வ், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உன்னைக் கேக்காம லொரேனை வாசல்ல வெச்சுட்டேன். மனசு கேக்கலை, திரும்ப எடுத்துட்டேன். ஆனா அதுக்குள்ள எவனோ பிளக்கை வெட்டிட்டான்."

மெர்வ் மெஷினுக்குப் பின்னாலிருந்து மொட்டை ஒயரை வெளியே இழுத்தான். புதிதாக அடுக்கிய இழுப்பறையைத் திறந்து, செருப்புப் பெட்டித் தடுப்புக்குள் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, கறுப்பாக ஒரு பிளக்கை எடுத்து அவள்முன் வைத்தான்.

"தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தப்ப வாசல்ல பாத்தேன். நீயே திரும்பத் தூக்கிட்டு வருவேன்னு தெரியும். அதான் ஒயரை நீளமா விட்டு வெட்டினேன்."